குமிழின் இடப்புறம்

ரேடியோ என்னவோ நல்ல ரேடியோதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். இல்லாவிட்டால் மேலே படிக்கிறவர்களுக்கு, வாங்கிய சாமானில் ஏதோ குறை கண்டு மனம் நொந்துபோன ஒரு கிழவனுடைய புலம்பல் இது என்ற அபிப்பிராயம் ஏற்பட்டுவிடக்கூடும். குறை ஒன்றும் இல்லை. தடித்த நிகண்டு ஒன்றைப் படுக்கப் போட்டாற்போன்ற கறுப்பு உலோகப் பெட்டி. முன்முகத்தில் சானலின் எண்ணைக் காட்டும் ஆரஞ்சு வெளிச்சம். அதற்குக் கீழே வரிசையாகக் குமிழ்கள். பக்கவாட்டில் ஒரு கொக்கியிலிருந்து, பழைய டெலிபோன்களில் பார்த்திருக்கிறோமே அதுபோன்ற சுருட்டை வயரோடு தொங்குகிற மைக். அந்த மைக்கைக் கையில் எடுத்தால் அது உள்ளங்கையில் அடங்குகிற விதத்தையும், விளிம்பிலுள்ள விசையின்மேல் கட்டைவிரல் தானாகவே போய் உட்கார்ந்துகொள்கிற விதத்தையும் பார்க்கும்போது, இதைச் செய்தவன் மனிதக் கையை வெகு நாள் கவனித்துப் பார்த்தவனாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. விசை சற்றுக் கெட்டி. அழுத்தினால் 'டொக்' என்று ஒரு சப்தம். விட்டால் மறுபடி அதைவிட மெல்லிய ஒரு 'டொக்'. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ரேடியோவை அணைத்துவைத்துவிட்டு அந்த விசையை எத்தனையோ தரம் அழுத்திப் பார்த்திருக்கிறேன். ஆண்டெனாவை அளவெடுப்பதற்காக, வாயைத் திறவாமல், நாலைந்து தரம் உயிரோடும் அழுத்தியிருக்கிறேன். பேசுவதற்காக அழுத்தியதில்லை.

இதை வாங்க நேர்ந்த காரணம் பெரிதில்லை. எங்கள் ஜாகை அமெரிக்காவில், ஓமஹாவில். பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது டென்வரில். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 540 மைல். அதில் பெரும்பகுதி, நெப்ராஸ்காவின் குறுக்கே பிளாட் நதியைத் தொட்டும் விட்டும் ஓடுகிற 80ஆம் எண் நெடுஞ்சாலை. பனிப்புயல் அடித்தால் மேற்குக் கோடியில், நம் ஊர் ரயில்வே கேட்டில் இறக்குவதைப் போல ஒரு கட்டையை இறக்கிச் சாலையையே மூடிவிடுகிறார்கள். ஒரு ஜனவரியில் அப்படி ஒரு கட்டைக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றோம். கைத்தொலைபேசி செத்துக் கிடந்தது. பக்கத்து வரிசையில் நின்ற பதினெட்டுச் சக்கர லாரிக்காரர் மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, எந்த மைலில் வண்டி குறுக்கே விழுந்து கிடக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்பதையெல்லாம் எதிர்வீட்டுச் சமாசாரம் போல நிதானமாகச் சொன்னார். சிட்டிசன்ஸ் பேண்ட், சுருக்கமாக சி.பி., என்ற அந்த ரேடியோவின் மேல் எனக்குக் கண் விழுந்தது அப்போதுதான். அடுத்த செப்டம்பரில், லாரிக்காரர்கள் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிப் போகிற ஒரு சாலையோர நிலையத்துக் கடையில் வாங்கினேன். காந்த அடிப்பாகமுள்ள ஆண்டெனாவைக் காரின் கூரைமேல் ஒட்டவைத்துக் கொடுத்த கடைக்காரர், "கராஜுக்குள் வைத்து அளக்காதீர்கள், சுற்றிலும் இரும்பு இருந்தால் கணக்குத் தப்பும், வெட்டவெளிக்குப் போங்கள்" என்றார். போனேன். அளக்க வேண்டியது இது: ரேடியோ அனுப்புகிற சக்தியில் ஆண்டெனா ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புவது எவ்வளவு என்பதைக் காட்டும் விகிதம். 1ஆம் சானலில் முள் 1.7 காட்டிற்று, 40ஆம் சானலில் 2.6. நாற்பதில் அதிகமானால் ஆண்டெனா நீளம். ஒன்றில் அதிகமானால் குட்டை. சிறு திருகைத் தளர்த்தி, எஃகுக் கம்பியை ஒவ்வொரு நெல்மணி நீளமாக உள்ளே இறக்கி இறக்கி, மக்காச்சோளம் அறுத்துவிட்ட வயல் ஓரத்தில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழித்து, 1.4க்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். அளவு சரியாக இல்லாவிட்டால், வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து, அனுப்பிய டிரான்சிஸ்டரையே சுட்டுவிடுமாம். பேச நினைத்துப் பேசாமல் விழுங்குகிறவனுடைய நெஞ்செரிச்சலுக்கு இதைவிட நேரான சாஸ்திரீய விளக்கம் கிடையாது என்று அப்போது வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். இப்போது அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

இந்த தேசத்தில் இந்த ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டாம். 1983 வரையில் இருந்தது; பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். என் பிள்ளைப் பிராயத்தில் எங்கள் வீட்டு மர்பி ரேடியோவுக்கு ஒரு லைசென்ஸ் புஸ்தகம் இருந்தது. வருஷம் தவறாமல் அப்பா அதைத் தபாலாபீசுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவார். அந்தப் பெட்டியினால் ஒரு வார்த்தை பேச முடியாது. கேட்க மட்டுமே முடியும். வெறுமனே கேட்பதற்கு அங்கே சர்க்காரின் அனுமதி வேண்டியிருந்தது. இங்கே நாலு வாட் சக்தியோடு ஆகாசத்தில் பேசுவதற்கு ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அப்பாவின் பெட்டியினிடம் ஒரு நிம்மதி இருந்ததே, அது இதனிடம் இல்லை. திருச்சி நிலையத்து வித்துவான் பாடி முடித்த பிறகு, "எப்படி இருந்தது?" என்று எங்கள் கூடத்தை நோக்கிக் கேட்டதில்லை. நாங்கள் பாதியில் எழுந்து சாப்பிடப் போனாலும் அவருக்கு மனஸ்தாபம் இல்லை. கேட்பவன் அங்கே கடன்காரன் ஆகவில்லை. இந்தக் கறுப்புப் பெட்டியில் ஒரு விசையை வைத்துவிட்டார்கள். வைத்த மாத்திரத்தில், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது என்ற, நான் ஆயுள் முழுவதும் குற்றமற்றது என்று எண்ணியிருந்த காரியம், ஒரு செய்கையாக மாறிவிட்டது.

1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து, மறு வருஷம் நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் வந்தபோது, எங்கே டீசல் கிடைக்கும், எங்கே போலீஸ் மறைந்து நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள லாரிக்காரர்கள் இந்த சி.பி. ரேடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து ஊரே பிடித்துக்கொண்டது. 23ஆக இருந்த சானல்கள் 1977இல் 40 ஆயின. இந்தச் சரித்திரத்தில் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது பெயர் விவகாரம் ஒன்றுதான். இதில் பேசுகிறவர்கள் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'ஹாண்டில்' என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். கைப்பிடி. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு 'ஃபர்ஸ்ட் மாமா' என்ற கைப்பிடியோடு இதில் பேசினார். நம் காதுக்கு அது எந்தக் கல்யாண வீட்டிலோ தாலிக்கு முன்னால் கோபித்துக்கொண்டு போன மூத்த மாமாவைத்தான் ஞாபகப்படுத்துகிறது. 1975இல் 'கான்வாய்' என்ற பாட்டைப் பாடி இந்த ரேடியோவின் புகழைத் தேசமெங்கும் கொண்டுபோன சி. டபிள்யூ. மக்கால் என்ற லாரிக்காரர், உண்மையில் லாரிக்காரரே அல்லர். எங்கள் ஓமஹாவில் ஒரு விளம்பர ஆபீசில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ் என்பவர், ஒரு ரொட்டி விளம்பரத்துக்காகச் சிருஷ்டித்த பாத்திரம். புனைபெயர் இல்லாமல் எழுத்தாளன் இல்லை என்று நம்பிய தலைமுறையைப் படித்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்க நியாயமில்லை. ஆயினும் எனக்கென்று ஒரு கைப்பிடியை என்னால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக இந்த ஊர்க்காரர்கள் என் பெயரின் நடுவிலுள்ள 'ழ'வை வழியில் கிடக்கும் கல்லைப்போலத் தாண்டிக் குதித்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இப்போது சுலபமான ஒரு பெயரை நானே வைத்துக்கொள்ளலாம் என்று சந்தர்ப்பம் வந்தபோது, அந்தக் கல்லை விட மனம் வரவில்லை.

19ஆம் சானல்தான் சாலைக்காரர்களுடையது. ஆபத்துக்கு என்று 9ஐ ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் நிசப்தம். 19இல் கேட்பதைச் சம்பாஷணை என்று சொல்வதைவிட, ஒரே திசையில் போகிற கூட்டத்தில் காதில் விழுகிற துண்டுகள் என்று சொல்லலாம். 211ஆம் மைலில் கரடி என்பார்கள். கரடி என்பது போலீஸ், காட்டுத் தீ விளம்பரத்தில் வரும் ஸ்மோக்கி என்ற கரடி அணிந்த தொப்பியைப் போலவே அவர்களும் அணிவதால். நடு வழியில் முதலை என்பார்கள். வெடித்த டயரிலிருந்து உரிந்து கிடக்கும் ரப்பர்ப் பட்டை. எடைமேடைக்குக் கோழிக்கூண்டு என்று பெயர். முதல் நாள், இருட்டுகிற சமயத்தில், யாரோ ஒருவன் மிகுந்த பரிவோடு 'கம் பேக்' என்று சொல்லக் கேட்டு எனக்கு ஒரு கணம் மார்பு அடைத்தது. பதில் சொல் என்பதுதான் இவர்கள் பாஷையில் அதற்கு அர்த்தம் என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் ஆயிற்று. புராணங்களில் வருகிற அசரீரிக்கு ஒரு கௌரவம் உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விடும். எட்டாவது குழந்தையால் உனக்கு மரணம் என்று கம்சனிடம் சொல்லிற்றே தவிர, காதில் விழுந்ததா என்று விசாரிக்கவில்லை. (கம்சனும் அப்போது தங்கையின் தேரை ஓட்டிக்கொண்டிருந்தவன்தான் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.) 19ஆம் சானலின் அசரீரிகள் வேறு ஜாதி. கரடியையும் முதலையையும் விட்டால் அவை அதிகமாகச் சொல்வது ஒன்றே ஒன்று: 'ரேடியோ செக்'. நான் பேசுவது யாருக்காவது கேட்கிறதா? கேட்டால் கேட்கிறது என்று சொல்லுங்கள். வேறு விஷயம் கிடையாது.

சென்ற அக்டோபர் கடைசியில் டென்வருக்குப் போய்க்கொண்டிருந்தோம். சதர்லாண்டைத் தாண்டிவிட்டது, பாக்ஸ்டன் வரவில்லை. நடுவே ஓரிடத்தில் நேர மண்டலத்தின் எல்லை குறுக்கிடுகிறது. மேற்கே போகிறவனுக்கு அங்கே ஒரு மணி நேரம் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. நேர் எதிரே சூரியன் விழுந்துகொண்டிருந்தது. மனைவி சால்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். ரேடியோவில் ஸ்க்வெல்ச் என்று ஒரு குமிழ் இருக்கிறது, இரைச்சலை அடக்குவதற்கு. அதை அன்றைக்கு இடக்கோடியில் விட்டிருந்தேன், ஆகவே பெட்டி இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது. நம் வீடுகளில் முறத்தில் போட்டு அரிசி புடைப்பார்களே, அந்த சப்தம். சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகியிருந்த டெலிபோன் சார்ஜரைப் பிடுங்கினால் அதில் பாதி அடங்கிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருந்தேன். மீதிப் பாதிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பலத்தைக் காட்டும் முள் அசையவில்லை, அவ்வளவு பலவீனம். வயதான ஆண் குரல். "ரேடியோ செக், ஒன்-நைன். யாருக்காவது கேட்கிறதா?" அரிசி சப்தம். அரை நிமிஷம் இருக்கும். மறுபடியும் அதே குரல், இந்தத் தடவை "ரேடியோ செக்" என்ற பீடிகையை விட்டுவிட்டு, "யாராவது?" என்று மட்டும். மைக் என் கையில் வந்துவிட்டிருந்தது. சுருட்டை வயர் நீண்டு என் முழங்காலைத் தொட்டது நன்றாக நினைவிருக்கிறது. கட்டைவிரல் விசையின்மேல் இருந்தது. கேட்கிறது ஐயா, மெலிவாக, ஆனால் தெளிவாகக் கேட்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் உச்சரிப்பைக் கேட்டு அவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்பாரோ என்று ஒரு யோசனை. யார் பேசுவது என்று கேட்டால் எந்தப் பெயரைச் சொல்வது என்று ஒரு யோசனை. இந்த இரண்டுக்கும் அடியில் வெகு பழைய ஒன்று: ராத்திரியில் வாசலில் நின்று யாராவது கூப்பிட்டால் ஒரு தரத்துக்கு ஏன் என்று கேட்காதே, மூணு தரம் கூப்பிடட்டும், மனுஷராயிருந்தால் மூணாந்தரம் கூப்பிடுவார்கள், மற்றதுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்று எங்கள் பாட்டி சொல்லிக்கொடுத்த விதி. நான் மூன்றாவது தரத்துக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். மைல் கற்கள் இரண்டோ மூன்றோ போயின. மூன்றாவது தரம் வரவில்லை.

பிறகு நான் செய்த காரியம்தான் என்னை உறுத்துகிறது. மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அந்தக் கை திரும்பி வருகிற வழியில் ஸ்க்வெல்ச் குமிழை வலது பக்கம் திருப்பிவிட்டது. கத்தரித்தாற்போல இரைச்சல் நின்றது. காருக்குள் அப்படி ஒரு சுகமான அமைதி. மனைவி தூக்கத்திலேயே ஒரு பெருமூச்சு விட்டாள். குமிழின் சூட்சுமம் மிகவும் எளிது. உள்ளே வருகிற சமிக்ஞை எவ்வளவு பலம் என்று அது பார்க்கிறது. நாம் வைத்த வரம்புக்குக் கீழே இருந்தால் ஒலிபெருக்கியின் வாயை மூடிவிடுகிறது. மேலே இருந்தால் திறக்கிறது. இடி மின்னலுக்கும் மனிதக் குரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. பலத்துக்குத்தான் தெரியும். பக்கத்தில் போகிறவன் சும்மா இருமினாலும் கதவு திறக்கும். தூரத்தில் போகிறவன் உயிருக்காகக் கத்தினாலும் அது இரைச்சலின் கணக்கில் போய்விடும். 2021இல் இந்த ரேடியோக்களுக்கு எஃப்.எம். முறையையும் அனுமதித்தார்கள்; என்னுடையதில் அதுவும் இருக்கிறது. பழைய ஏ.எம். முறையில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டும் கலந்து நாய் ஊளையிடுவதுபோல் ஒரு நாராச சப்தம் உண்டாகும். இரண்டும் புரியாது, ஆனால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது தெரியும். எஃப்.எம்.மில் பலமான குரல் மற்றதைச் சுவடில்லாமல் விழுங்கிவிடுகிறது. ஊளை இல்லை, சிரமமில்லை, ஒரே ஒருவர் மிகத் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். இதைத்தான் முன்னேற்றம் என்று கடைக்காரர் எனக்குக் காட்டினார். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது, காதுக்கு ரொம்பவும் நன்றாக இருக்கிறது.

அந்த இரைச்சல்தான் என்ன என்று பிறகு விசாரிக்கலானேன். நியூ ஜெர்சியில் ஹோம்டெல் என்ற ஊரில், பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞருக்கு இதையே உத்தியோகமாகக் கொடுத்திருந்தார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசும் டெலிபோனில் குறுக்கிடுகிற இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் ஒழிக்கலாம். மரச் சட்டங்களால் ஒரு பெரிய ஆண்டெனா கட்டி, ஃபோர்டு காரின் சக்கரங்களின்மேல் ஏற்றி, ராட்டினம் போலச் சுற்றவைத்து, 20.5 மெகாஹெர்ட்ஸில் மாதக்கணக்காகக் கேட்டார். என் ரேடியோவின் 27 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்து வீடு என்று சொல்லலாம். பக்கத்து இடிமழை ஒன்று, தூரத்து இடிமழை ஒன்று என்று இரண்டைப் பிரித்துவிட்டார். மூன்றாவதாக ஒன்று மிஞ்சிற்று. ஓயாத, மிக மெல்லிய ஒரு சீறல். அது நாள்தோறும் நாலு நிமிஷம் முந்தி முந்தி உச்சத்துக்கு வருவதை அவர் கவனித்தார். சூரியனுக்கு அந்த வழக்கம் இல்லை, நட்சத்திரங்களுக்குத்தான் உண்டு. 1933இல் அவர் வெளியிட்ட முடிவு, அந்தச் சீறல் தனுசு ராசியின் திக்கில், நம் பால்வீதியின் நடுவிலிருந்து வருகிறது என்பது. கம்பெனிக்கு அதனால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. டெலிபோனுக்கு அது பெரிய இடைஞ்சலும் இல்லை. அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பத்துநாலு வயதில் இறந்துபோனார். சார்ஜரையும் எஞ்சினையும் தூரத்து மழையையும் கழித்தால், என் காரில் அரிசி புடைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பிடி அந்தப் பால்வீதியினுடையது. ஆறு மாதத்துக்கு முன்னால் இதைப் படித்திருந்தால் வியந்திருப்பேன். இப்போது படிக்கும்போது, அவ்வளவு தொலைவிலிருந்து வருவது சார்ஜரின் சப்தத்தோடு கலந்து ஒரே குமிழால் மூடப்படுகிறதே என்பது மட்டும் மனத்தில் நிற்கிறது.

நடந்ததை டென்வரில் பெண்ணிடம் சொன்னேன். சிரித்தாள். "அப்பா, அவர் ரேடியோ வேலை செய்யறதான்னு பார்த்திருப்பார். அதுக்குப் போய் இவ்வளவு யோசிப்பாங்களா?" சரியான பேச்சு. அவர் ஒன்றும் பள்ளத்தில் விழுந்து கிடக்கவில்லை. கிடந்திருந்தால் 9ஆம் சானலுக்குப் போயிருப்பார். குரலில் அவசரமும் இல்லை. ஆனால் அவள் சொன்ன வழியிலேயே யோசித்துப் பார்த்தபோது இன்னொரு சங்கடம் கிளம்பிற்று. ரேடியோ வேலை செய்கிறதா என்று ஒரு மனிதர் கேட்டார். வேலை செய்தது, அதற்கு நான் சாட்சி. ஒருவேளை நான் ஒருவன்தான் சாட்சி. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அவருடைய நல்ல ரேடியோ கெட்ட ரேடியோ ஆகிவிட்டது. அடுத்த ஊரில் வண்டியை நிறுத்தி அவர் வயரைக் கழற்றிப் பார்த்திருப்பார், கடைக்காரனைத் திட்டியிருப்பார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருகாணியைத் தேடியிருப்பார். அல்லது அது ஒன்றும் செய்யாமல், இந்தச் சாலையில் இப்போதெல்லாம் யாரும் இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பெட்டியை அணைத்திருப்பார். எல்லாரும் டெலிபோனைப் பார்த்து வண்டி ஓட்டுகிற காலத்தில் அப்படி முடிவு கட்டுவதும் கஷ்டமில்லை.

தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு சந்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சூரியனில் கரும்புள்ளிகள் மிகும் காலங்களில், இந்த அலைகள் வான மண்டலத்தின் உயரத்திலுள்ள மின்னேற்ற அடுக்குகளில் பட்டு மடங்கி, ஆயிரம் இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் போய் இறங்கும். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த உச்சம் வந்துவிட்டது என்று 2024இல் அதே அக்டோபரில்தான் அறிவித்திருந்தார்கள். 250 கிலோமீட்டருக்கு அப்பால் இந்த ரேடியோவில் பேசக்கூடாது என்று ஒரு விதி 2017 வரையில் இருந்தது. ஆகாசம் அதை மதிக்கவில்லை, பிறகு விதியையே எடுத்துவிட்டார்கள். ஆகையால் அந்தக் கிழவர் ஜார்ஜியாவிலோ வாஷிங்டனிலோ இருந்திருக்கலாம். என் நாலு வாட்டும் குட்டை ஆண்டெனாவும் அவரை எட்டியிருக்க மாட்டா. நான் பேசியிருந்தாலும் பேசாமலிருந்ததாகவே முடிந்திருக்கும். இந்த வாதத்தை நான் பல இரவுகள் உபயோகித்திருக்கிறேன். அதிலுள்ள ஓட்டை இது: வானத்தில் மடங்கி வருகிற குரல் நிலையாக நில்லாது, மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்கும். இந்தக் குரல் அசையவில்லை. இரண்டாவது தரம் கேட்டபோது சற்றே இன்னும் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். எதிர்த் திசையில் போகிற வண்டி விலகுவதுபோல. அவர் நாலைந்து மைலுக்குள்தான் இருந்தார். நடுவே புல்மேடு இருக்கிற அந்த நேர்ச் சாலையில் நாங்கள் ஒருவரை ஒருவர் முகப்பு விளக்காகப் பார்த்துக்கூட இருக்கலாம்.

இந்த மார்ச்சில் மறுபடியும் போய் வந்தோம். திரும்பும்போது, கிப்பனுக்குப் பக்கத்தில் இறங்கி, விடியுமுன் பிளாட் நதிக்கரையில் நின்றோம். லட்சக்கணக்கான கொக்குகள் வடக்கே போகிற வழியில் அந்த ஆழமில்லாத தண்ணீரில் நின்றுகொண்டு இரவைக் கழிக்கின்றன. இருட்டில் ஒன்றும் தெரியாது. உருளுகிற, தொண்டை நிறைந்த அந்தக் கூவல் மட்டும் ஆற்றின் நீளத்துக்குப் பரவி நிற்கும். எது எதைக் கூப்பிடுகிறது, எது பதில் சொல்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவற்றிடம் குமிழ் இல்லை என்று நினைத்தேன்; நினைத்தவுடனேயே, இது கொஞ்சம் மலிவான நினைப்பு என்றும் பட்டது. காரில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்தோம். கிராண்ட் ஐலண்டை நெருங்கும்போது 19இல் ஒரு முரட்டுக் குரல், முள் வலக்கோடியில் மோத, "ரேடியோ செக்" என்றது. மைக்கை எடுத்தேன். இந்தத் தடவை தயங்கவில்லை என்று சொல்லக்கூடிய அளவுக்குச் சீக்கிரமாகவே எடுத்தேன். அதற்குள் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, பிரமாதமாகக் கேட்கிறது, பெரிசாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டார்கள்; ஊளை எழுந்து அடங்கிற்று. மைக்கை மாட்டிவிட்டுக் குமிழை இடது பக்கம் கொண்டுபோனேன்.

"யாராவது கூப்பிடறாங்களா?" என்றாள் மனைவி.

"இல்லை."

"அப்புறம் எதுக்கு இந்த இரைச்சல்? தலையை வலிக்கிறது. கொஞ்சம் அடக்குங்களேன்."

குமிழை மெல்ல வலது பக்கம் நகர்த்தினேன். முற்றிலும் மூடுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் ஓர் இடம் இருக்கிறது; அங்கே வைத்தால் இரைச்சல் முழுசாகவும் வராது, முழுசாகவும் நிற்காது; கந்தல் கந்தலாக வந்து போகும். அவள் அதைக் கேட்டுக்கொண்டே சிறிது நேரம் இருந்துவிட்டு, "இதுக்கு அதுவே தேவலை" என்று சொல்லி, சால்வையை இழுத்துத் தலையையும் மூடிக்கொண்டாள்.